வெடிக்கப்பல் (ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2)

வெடிக்கப்பல் (டெமாலிஷன் ஷிப்) என்பது ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 என்னும் நிகழ்நேர வியூகக் கணினி விளையாட்டில் இடம்பெறும் ஒரு கடற்படை அலகு ஆகும். வெடிமருந்து ஏற்றப்பட்ட இக்கப்பல் எதிரியின் கப்பல் அல்லது கரையோரக் கட்டடத்தின் அருகே சென்று, தன்னையே வெடித்து அழித்துக்கொண்டு, சுற்றியுள்ள எதிரி அலகுகளுக்குச் சேதம் விளைவிக்கிறது. ஒரு முறை மட்டுமே பயன்படும் அலகு இது. 1999-இல் வெளிவந்த மூல ஆட்டத்திலேயே இது இடம்பெற்றது. 2022-இல் வெளியான விரிவுப் பொதியின் மூலம் தமிழரசுகளை அடிப்படையாகக் கொண்ட திராவிடர் நாகரிகம் ஆட்டத்தில் சேர்க்கப்பட்டதால், இவ்வலகு தமிழ் ஆட்டக்காரர்களிடையே கூடுதல் கவனம் பெறுகிறது. சோழர் கடற்படையிடம் இத்தகைய கப்பல்கள் இருந்தனவா என்னும் கேள்வியும் இதனுடன் எழுகிறது.

பின்னணி

ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 ஆட்டத்தை என்செம்பில் ஸ்டுடியோஸ் நிறுவனம் உருவாக்க, மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 1999-இல் வெளியிட்டது. மரம், உணவு, பொன், கல் ஆகிய நான்கு வளங்களைத் திரட்டி, ஒரு சிற்றூரைப் பேரரசாக வளர்த்தெடுப்பதே ஆட்டத்தின் நோக்கம். ஆட்டம் இருண்ட காலம், நிலமானியக் காலம், கோட்டைக் காலம், பேரரசுக் காலம் என நான்கு கட்டங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. உள்ளகப் பிணையம் வழியாகப் பலர் சேர்ந்து ஆடக்கூடியது என்பதால், 2000-களில் கல்லூரி விடுதிகளிலும் இணைய மையங்களிலும் இவ்வாட்டம் பரவலாக ஆடப்பட்டது.

மூல ஆட்டத்தில் வெடிக்கப்பல் கோட்டைக் காலத்தில் கிடைத்தது. பேரரசுக் காலத்தில் அதனைக் கன வெடிக்கப்பலாக மேம்படுத்தலாம். 2015-இல் வெளியான தி ஆஃப்ரிக்கன் கிங்டம்ஸ் விரிவுப் பொதி, நிலமானியக் காலத்திலேயே கட்டக்கூடிய வெடித்தெப்பத்தைச் சேர்த்தது. இதனால் இவ்வரிசை மூன்று நிலைகளைக் கொண்டதாயிற்று. 2000-இல் வெளியான தி கான்கரர்ஸ் விரிவுப் பொதியில் இதன் தரைப்படை இணையாகப் பெட்டார்ட் என்னும் அலகு அறிமுகமானது. வெடிமருந்துப் பீப்பாய்களைச் சுமந்து சென்று மதிற்சுவரையும் கட்டடங்களையும் தகர்க்கும் வீரனே பெட்டார்ட் ஆவான்.

இயங்கும் முறை

வெடிக்கப்பல் கப்பல்துறையில் கட்டப்படுகிறது. மூல ஆட்டத்தில் இதன் விலை 70 மரமும் 50 பொன்னும் ஆகும். இதனிடம் அம்போ பீரங்கியோ கிடையாது. எதிரியை நெருங்கியதும் வெடிப்பது ஒன்றே இதன் தாக்குதல். வெடிப்பின் வீச்சுக்குள் உள்ள ஒவ்வோர் எதிரி அலகும் தனித்தனியே சேதமடைகிறது. சேதம் அவற்றுக்கிடையே பங்கிடப்படுவதில்லை. எனவே ஒரே வெடிப்பில் ஒரு கப்பல் சிக்கினால் கிடைக்கும் பலனைவிட, ஐந்து கப்பல்கள் சிக்கினால் கிடைக்கும் பலன் ஐந்து மடங்காகும்.

வெடிக்கப்பலின் தாக்குதல் அளவையும், அதே காலத்தில் எதிர்ப்படும் அம்பெய்யும் போர்க்கலத்தின் உயிர்ப்புள்ளிகளையும் ஒப்பிட்டால், ஆட்டத்தை வடிவமைத்தோர் கையாண்ட கணக்கு விளங்கும்.

நிலமானியக் காலம்: வெடித்தெப்பத்தின் தாக்குதல் 90; கேலி எனப்படும் முதல்நிலைப் போர்க்கலத்தின் உயிர்ப்புள்ளி 120.
கோட்டைக் காலம்: வெடிக்கப்பலின் தாக்குதல் 110; வார் கேலி எனப்படும் இரண்டாம் நிலைப் போர்க்கலத்தின் உயிர்ப்புள்ளி 135.
பேரரசுக் காலம்: கன வெடிக்கப்பலின் தாக்குதல் 140, கேலியன் எனப்படும் மூன்றாம் நிலைப் போர்க்கலத்தின் உயிர்ப்புள்ளி 165.

மூன்று காலங்களிலும் ஒரு வெடிப்பு, பழுதற்ற போர்க்கலத்தை மூழ்கடிக்கப் போதுமானதாக இல்லை. ஒவ்வொரு முறையும் 25 அல்லது 30 புள்ளிகள் எஞ்சுகின்றன. அதாவது வெடிக்கப்பல் தனித்து வெல்லும் கருவியன்று. வேறு கப்பல்கள் எய்த அம்புகளால் எதிரி ஏற்கெனவே சிறிது சேதமடைந்திருக்க வேண்டும். அல்லது இரண்டாவது வெடிப்பு தேவை. மேம்பாட்டில் ஒரு காலம் முந்தியவருக்கு நிலை வேறு. கன வெடிக்கப்பலின் 140 புள்ளித் தாக்குதல், மேம்படுத்தப்படாத வார் கேலியை ஒரே வெடிப்பில் மூழ்கடித்துவிடும்.

மேற்கூறிய எண்கள் மூல ஆட்டத்தையும் 2015 விரிவுப் பொதியையும் சார்ந்தவை. 2019 நவம்பரில் வெளியான டெஃபினிட்டிவ் எடிஷன் பதிப்பு தொடர்ந்து இற்றைப்படுத்தப்பட்டு வருவதால், பிற்காலப் பதிப்புகளில் எண்கள் மாறுபடலாம்.

இலாப நட்டக் கணக்கு

வெடிக்கப்பலின் மொத்த விலை 120 வளங்கள். அம்பெய்யும் போர்க்கலத்தின் விலை 90 மரமும் 30 பொன்னும். அதுவும் மொத்தம் 120 வளங்களே. விலை சமமாயினும் போர்க்கலம் உயிரோடு திரும்பி மீண்டும் போரிடலாம், வெடிக்கப்பல் திரும்புவதில்லை. இதனால் இவ்வலகைப் பயன்படுத்துவது ஓர் எளிய கணக்காகிறது.

எடுத்துக்காட்டாக, கோட்டைக் காலத்தில் எதிரியின் ஐந்து வார் கேலிகள் நெருக்கமாக நிற்பதாகக் கொள்வோம். முதல் வெடிக்கப்பல் வெடித்ததும் ஒவ்வொன்றுக்கும் 25 புள்ளிகளே எஞ்சும். இரண்டாவது வெடித்ததும் ஐந்தும் மூழ்கும். 240 வளங்களைச் செலவிட்டு எதிரியின் 600 வளங்கள் அழிக்கப்பட்டுள்ளன. இதே இரண்டு வெடிக்கப்பல்கள் தனித்து நிற்கும் ஒரே ஒரு வார் கேலியின் மீது செலவிடப்பட்டால், 240 வளங்களுக்கு ஈடாக 120 வளங்கள் மட்டுமே அழியும். இரண்டு கப்பல்கள் சிக்கும்போது வரவும் செலவும் சமமாகின்றன. மூன்று சிக்கினால் இலாபம்.

மொத்த வளம் சமமானாலும் பொன்னின் பங்கு சமமில்லை என்பதும் கவனிக்கத்தக்கது. வெடிக்கப்பல் ஒன்றுக்கு 50 பொன் தேவை. போர்க்கலத்துக்கு 30 பொன் போதும். நீண்ட ஆட்டங்களில் பொற்சுரங்கங்கள் தீர்ந்துவிடுவதால், குறி தவறிய ஒவ்வொரு வெடிப்பும் பின்னாளில் கூடுதல் இழப்பாகிறது.

பயன்படுத்தலும் முறியடித்தலும்

மேற்கண்ட கணக்கிலிருந்தே இருதரப்பினரின் உத்திகளும் பிறக்கின்றன. தாக்குபவர் எதிரிக் கப்பல்கள் கூட்டமாக நிற்கும் தருணத்தைத் தேடுகிறார். குறுகிய நீர்வழி, கப்பல்துறையின் வாயில், மீன்பிடிக் கப்பல்கள் குவிந்துள்ள இடம் ஆகியன இதற்கு ஏற்றவை. தற்காப்பவர் வெடிக்கப்பலைக் கண்டதும் தம் கப்பல்களைப் பல திசைகளில் பிரித்து அனுப்புகிறார்; அல்லது தொலைவிலேயே அம்பெய்து மூழ்கடிக்க முயல்கிறார்.

ஆட்டத்தின் கடற்போர் மூன்று வகைக் கப்பல்களின் முக்கோண உறவாக அமைந்துள்ளது. தீயை உமிழும் தீக்கப்பல் அம்பெய்யும் போர்க்கலத்தை வெல்லும். அம்பெய்யும் போர்க்கலம் தொலைவிலிருந்தே வெடிக்கப்பலைத் தாக்கும். எதிரியை நெருங்கிப் போரிட்டாக வேண்டிய தீக்கப்பல்கள் கூட்டமாக வருவதால் வெடிக்கப்பலுக்கு எளிய இலக்காகும். ஒரே வகைக் கப்பலை மட்டும் கட்டுபவர் தோற்கும் வகையில் இவ்வமைப்பு திட்டமிடப்பட்டுள்ளது.

பிற ஆட்டங்களில் ஒத்த அலகுகள்

தன்னை அழித்து எதிரியைத் தாக்கும் அலகு, நிகழ்நேர வியூக ஆட்டங்களில் பொதுவாகக் காணப்படும் ஒன்றாகும்.

வார்க்ராஃப்ட் 2 (1995): வெடிமருந்துடன் செல்லும் குள்ளர் குழுவும் காப்ளின் குழுவும் பாறைகளையும் மதில்களையும் தகர்க்கும்.
டோட்டல் அனைஹிலேஷன் (1997): தரையில் ஊர்ந்து செல்லும் வெடிகுண்டு இயந்திரங்கள் இருதரப்புக்கும் உண்டு.
ரெட் அலர்ட்: ஆஃப்டர்மேத் (1997): வெடிகுண்டு ஏற்றிய சரக்குந்து அறிமுகமானது. ரெட் அலர்ட் 2 (2000) ஆட்டத்தில் இது லிபியாவுக்குரிய சிறப்பு அலகாக இடம்பெற்றது.
ஸ்டார்க்ராஃப்ட் (1998): ஸ்கர்ஜ் எனப்படும் பறக்கும் உயிரினம் எதிரி வானூர்திகள் மீது மோதி அழியும்.
கமாண்ட் அண்ட் காங்கர்: ஜெனரல்ஸ் (2003): வேறு ஊர்தியின் தோற்றத்தை எடுத்துக்கொண்டு எதிரியின் தளத்துக்குள் நுழையும் வெடிகுண்டுச் சரக்குந்து உண்டு.

இவற்றுள் பெரும்பாலானவை கற்பனை உலகையோ அண்மைக்காலப் போரையோ களமாகக் கொண்டவை. ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 இடைக்கால வரலாற்றைக் களமாகக் கொண்டிருப்பதால், அதன் வெடிக்கப்பலுக்கு வரலாற்று அடிப்படை உண்டா என்பது தனியே ஆராயத்தக்கது.

வரலாற்றில் வெடிக்கப்பல்கள்

எரியும் கப்பலை எதிரியின் அணிவகுப்புக்குள் செலுத்தும் உத்தி மிகப் பழையது. சீனாவில் கி.பி. 208-இல் நிகழ்ந்த செம்பாறைப் போரில் இது கையாளப்பட்டது. ஆனால் எரியும் கப்பல் வேறு, வெடிக்கும் கப்பல் வேறு. பின்னதற்குப் பெருமளவு வெடிமருந்தும், குறித்த நேரத்தில் அதனைப் பற்றவைக்கும் பொறியும் தேவை.

இவ்விரண்டும் ஒருங்கே அமைந்த புகழ்பெற்ற நிகழ்வு 1585 ஏப்ரலில் ஆண்ட்வெர்ப் நகர முற்றுகையின்போது நடந்தது. எசுப்பானியத் தளபதியான பார்மா கோமகன் அலெக்சாந்தர் ஃபர்னேசே, செல்ட் ஆற்றின் குறுக்கே பாலம் கட்டி நகரின் நீர்வழியை அடைத்திருந்தார். இத்தாலியப் பொறியாளர் ஃபெடெரிகோ ஜாம்பெல்லி, ஃபோர்ட்டைன், ஹூப் என்னும் இரண்டு கப்பல்களில் கல்லறைகளைக் கட்டி அவற்றுள் வெடிமருந்தை நிரப்பினார். ஒன்றில் மெதுவாக எரியும் திரியும் மற்றொன்றில் கடிகாரப் பொறியும் பொருத்தப்பட்டன. ஃபோர்ட்டைன் எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. ஹூப் பாலத்தை அடைந்து வெடித்ததில் ஏறத்தாழ 800 எசுப்பானிய வீரர்கள் இறந்தனர். பாலத்தின் ஒரு பகுதி தகர்ந்தது. எனினும் நகரத்தார் அந்தத் திறப்பை உடனே பயன்படுத்திக்கொள்ளவில்லை. பாலம் செப்பனிடப்பட்டது, 1585 ஆகத்தில் நகரம் சரணடைந்தது.

இந்நிகழ்வின் அச்சம் நெடுநாள் நீடித்தது. 1588-இல் கலே துறைமுகத்தின் அருகே நங்கூரமிட்டிருந்த எசுப்பானியப் பெரும்படையை நோக்கி ஆங்கிலேயர் எட்டுத் தீக்கப்பல்களை அனுப்பினர். ஜாம்பெல்லி அப்போது இங்கிலாந்தில் பணிபுரிவதை எசுப்பானியர் அறிந்திருந்தனர். வருபவை வெடிக்கப்பல்களாக இருக்கலாம் என அஞ்சிப் பல கப்பல்கள் நங்கூரக் கயிறுகளை அறுத்துக்கொண்டு கலைந்தன. தீக்கப்பல்களால் ஒரு கப்பலும் எரியவில்லை. ஆயினும் அணிவகுப்பு சிதைந்தது. ஆட்டத்திலும் வெடிக்கப்பலைக் கண்ட எதிரி தன் அணியைக் கலைத்துக்கொள்வது இதனோடு ஒப்பிடத்தக்கது.

பிற்காலத்தில் 1809 ஏப்ரலில் பாஸ்க் நங்கூரத்துறைத் தாக்குதலில் பிரித்தானியத் தளபதி காக்ரேன் வெடிக்கப்பல்களைப் பயன்படுத்தினார். இரண்டாம் உலகப் போரில், 1942 மார்ச் 28 அன்று, வெடிமருந்து மறைத்து வைக்கப்பட்ட கேம்பல்டவுன் என்னும் பிரித்தானிய நாசகாரிக் கப்பல் பிரான்சின் சான் நசேர் துறைமுக உலர்துறையின் வாயிலில் மோதி நின்றது. சில மணி நேரத்துக்குப் பின் அது வெடித்தது. அவ்வுலர்துறை போர் முடியும் வரை பயன்படவில்லை.

ஆட்டமும் காலவழுவும்

ஆட்டத்தின் உள்விதிகளே வெடிக்கப்பலின் காலத்தைக் குறித்து ஒரு முரண்பாட்டைக் கொண்டுள்ளன. பீரங்கி, கைத்துப்பாக்கி வீரன், பீரங்கிக் கப்பல் ஆகிய அலகுகளைப் பெற, பேரரசுக் காலத்தில் பல்கலைக்கழகத்தில் வேதியியல் ஆய்வை முடித்திருக்க வேண்டும். ஆட்டத்தில் வெடிமருந்தின் வருகையைக் குறிப்பது அவ்வாய்வே. ஆனால் வெடிக்கப்பல் அந்த ஆய்வு இன்றியே, ஒரு காலம் முன்னதாகக் கிடைக்கிறது. 2015-க்குப் பின் வெடித்தெப்பம் இரண்டு காலம் முன்னதாகவே கிடைத்தது. வேதியியல் கண்டறியப்படாத உலகில் வெடிமருந்துக் கப்பல் மிதப்பதை வரலாற்றால் விளக்க இயலாது. மேற்கூறிய முக்கோண உறவை நிலமானியக் காலத்திலேயே நிறைவு செய்வதற்கான வடிவமைப்புத் தேவை என்றே இதனைக் கொள்ள வேண்டும்.

திராவிடர் நாகரிகமும் சோழர் கடற்படையும்

2022 ஏப்ரல் 28 அன்று வெளியான டைனஸ்டிஸ் ஆஃப் இந்தியா விரிவுப் பொதி, திராவிடர், வங்காளர், கூர்ஜரர் ஆகிய நாகரிகங்களைச் சேர்த்தது. 2013 முதல் இருந்துவந்த இந்தியர் நாகரிகம் இந்துஸ்தானியர் எனப் பெயர் மாற்றப்பட்டது. திராவிடர் நாகரிகம் காலாட்படையையும் கடற்படையையும் சிறப்பாகக் கொண்டது. உருமி வீரனும் திரிசடை என்னும் பெரிய போர்க்கப்பலும் இதன் தனித்த அலகுகள். முதலாம் இராசேந்திர சோழனின் வாழ்வை அடிப்படையாகக் கொண்ட படையெடுப்புத் தொடரும் இப்பொதியில் உள்ளது. திராவிடராக ஆடுபவரும் பிற நாகரிகத்தாரைப் போலவே வெடிக்கப்பல்களைக் கட்டலாம்.

இதனைக் கொண்டு சோழர்கள் வெடிக்கப்பல்களைப் பயன்படுத்தினர் என முடிவு செய்வது தவறாகும். இராசேந்திரனின் ஸ்ரீவிஜயப் படையெடுப்பு 1025-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அதனைக் கூறும் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு கடல் கடந்து கப்பல்கள் அனுப்பப்பட்டதையும், கடாரத்து அரசன் பிடிக்கப்பட்டதையும், பண்ணை, மலையூர், இலங்காசோகம், நக்கவாரம், கடாரம் முதலிய இடங்கள் கொள்ளப்பட்டதையும் பட்டியலிடுகிறது. கப்பல்களில் வெடிமருந்து இருந்ததாக அதில் குறிப்பு எதுவும் இல்லை.

வெடிமருந்தின் வரலாறும் இதையே காட்டுகிறது. வெடிமருந்துக் கலவைகளின் செய்முறையை எழுதிவைத்த மிகப் பழைய நூலாக அறியப்படும் வூசிங் சோங்யாவ் என்னும் சீனப் போர்க்கலை நூல் 1044-இல் நிறைவுற்றது. இராசேந்திரனின் ஆட்சி முடிவடைந்ததும் அதே 1044-ஆம் ஆண்டில்தான். அந்நூலில் உள்ள கலவைகளும் பெரும்பாலும் எரியூட்டும் தன்மை கொண்டவை; கப்பலைத் தகர்க்கும் ஆற்றல் அற்றவை. தென்னிந்தியப் போர்களில் வெடிமருந்து பரவலானது இதற்குப் பல நூற்றாண்டுகள் பிந்தியே. ஆகவே ஆட்டத்தில் இராசேந்திரனின் கொடியுடன் செல்லும் வெடிக்கப்பல், எல்லா நாகரிகங்களுக்கும் பொதுவான ஆட்ட விதியின் விளைவே அன்றி, சோழர் வரலாற்றின் பகுதி அன்று. அலைகடல் கடந்து படையனுப்பும் அளவுக்குக் கப்பல் கட்டுதல், வணிகத் தொடர்பு, பருவக்காற்று பற்றிய அறிவு ஆகியவற்றைச் சோழர் பெற்றிருந்தனர் என்பதே கல்வெட்டால் உறுதிப்படும் பெருமை. அதற்குக் கற்பனைக் கருவிகளின் துணை தேவையில்லை.

ஆட்டத்தில் காட்டப்படாதவை

ஆட்டத்தில் வெடிக்கப்பலின் மாலுமிகள் பற்றிய கேள்வி எழுவதில்லை. 70 மரமும் 50 பொன்னும் குறைவதே இழப்பின் முழுக் கணக்கு. மனித உயிர் விலைப்பட்டியலில் இல்லை.

மெய்யான போர்களில் இக்கேள்வியே முதன்மையானது. ஆண்ட்வெர்ப்பின் கடிகாரப் பொறி, மாலுமிகள் முன்கூட்டியே இறங்கிக்கொள்வதற்காக அமைக்கப்பட்டது. 1941 மார்ச் 26 அன்று கிரீட் தீவின் சூடா விரிகுடாவில் யார்க் என்னும் பிரித்தானியக் கப்பலைச் செயலிழக்கச் செய்த இத்தாலிய வெடிபடகுகளின் ஓட்டுநர்கள், மோதலுக்கு முன் நீரில் குதிக்கும் வகையில் பயிற்சி பெற்றிருந்தனர். இதற்கு மாறாக, சப்பானின் சின்யோ படகுகள் ஓட்டுநரின் இறப்பை ஏற்றுக்கொண்டே அனுப்பப்பட்டன.

இலங்கை உள்நாட்டுப் போரில் (1983–2009) தமிழீழ விடுதலைப் புலிகளின் கடற்புலிகள் பிரிவு, வெடிமருந்து நிரப்பிய சிறு படகுகளைக் கடற்படைக் கலங்கள் மீது மோதித் தாக்கியது. படகை ஓட்டியவர்களும் தாக்கப்பட்ட கலங்களில் இருந்தவர்களும் அத்தாக்குதல்களில் இறந்தனர். 2006 அக்டோபர் 18 அன்று காலித் துறைமுகக் கடற்படைத் தளமும் இவ்வகையில் தாக்கப்பட்டது. யேமனின் ஏடன் துறைமுகத்தில் 2000 அக்டோபர் 12 அன்று கோல் என்னும் அமெரிக்க நாசகாரிக் கப்பலின் அருகே வெடிபடகு வெடித்ததில் 17 மாலுமிகள் உயிரிழந்தனர். 2022 அக்டோபர் 29 அன்று செவஸ்தோபோல் துறைமுகத்தை உக்ரைன் தாக்கியபோது வெடிமருந்துடன் சென்ற படகுகளில் மனிதர் எவரும் இல்லை. அவை தொலைவிலிருந்து இயக்கப்பட்டன.

வெடிக்கப்பலை ஒரு வளக் கணக்காக மட்டும் காண்பது ஆட்டத்துக்குப் பொருந்தும். ஐந்து கப்பல்களைக் கண்டால் வெடிக்கலாம், ஒன்றைக் கண்டால் திரும்பலாம் என்னும் முடிவு, அங்கே மரத்தையும் பொன்னையும் மட்டுமே பற்றியது. வரலாற்றில் அதே முடிவை எடுத்தவர்கள் கப்பலில் இருந்தவர்களின் உயிரையும் சேர்த்தே எண்ண வேண்டியிருந்தது. ஆட்டத்தின் வழி வரலாற்றில் ஆர்வம் கொள்ளும் மாணவர்கள் இவ்வேறுபாட்டை மனத்தில் கொள்வது நன்று.